பாசிக்குடாக் கடலில் ஜெட் ஸ்கி: வழிகாட்டி முன்செல்லாத வாடகை வேண்டாம்

மட்டக்களப்பு மாவட்டச் செயலாளர் அவர்களுக்கும், கோறளைப்பற்றுப் பிரதேச சபையின் தவிசாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும், பாசிக்குடா, கல்குடாக் கரைகளில் நீர் விளையாட்டுத் தொழில் நடத்திவரும் சகோதரர்களுக்கும்,

வணக்கம்.

கல்குடாவில் கரைவலைத் தொழிலோடு வாழ்ந்த குடும்பமொன்றில் பிறந்து, இப்போது பாசிக்குடாவில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் பணிபுரிபவள் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். என் கோரிக்கை ஒன்றே. எமது கரையில் ஜெட் ஸ்கி என்னும், ஏறி அமர்ந்து ஓட்டும் நீர்மோட்டார் வண்டி வாடகைக்கு விடப்படும்போது, பயிற்சி பெற்று அனுமதிப்பத்திரமும் பெற்ற உள்ளூர் வழிகாட்டி ஒருவர் முன்செல்லாமல் எந்த வண்டியும் கடலில் இறங்கக்கூடாது என்ற விதியை, வருகின்ற பருவம் தொடங்கும் முன்னர் நீங்கள் எல்லோரும் கூடியிருந்து உருவாக்கித் தரவேண்டும். கரையோரத்தைச் சுற்றிக் காட்டும் சவாரியாக அது நடக்கட்டும். முன்பின் அறியாத ஒருவரின் கையில் வண்டியைக் கொடுத்து, "கால் மணித்தியாலம் ஓடிவிட்டு வாருங்கள்" என்று அனுப்பும் இன்றைய வழக்கம் நிற்கட்டும்.

ஜெட் ஸ்கியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. இதை முதலிலேயே கூறிவிடுகிறேன். ஏனெனில் கரைக்குப் புதிதாக எது வந்தாலும் ஊரார் எதிர்ப்பார்கள் என்று நினைக்கும் முதலீட்டாளர்களும் உண்டு, முதலீட்டாளர் என்றாலே கரையைப் பறிக்க வந்தவர் என்று நினைக்கும் ஊராரும் உண்டு. எங்கள் பருவம் குறுகியது. சித்திரை பிறந்ததிலிருந்து புரட்டாதி வரை கடல் அமைதியாகக் கிடக்கும்; ஐப்பசி கழிந்து வாடைக்காற்றும் மழையும் பிடித்துக்கொண்டால் தை, மாசி வரை வருமானம் இல்லை. அந்த ஆறு மாத உழைப்பை நம்பியே இந்தக் கரையில் பல குடும்பங்கள் வாழ்கின்றன. 2019ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், அடுத்து வந்த பெருந்தொற்று, 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் என்று மூன்றும் அடுத்தடுத்து வந்து விடுதி அறைகளைப் பூட்டவைத்தபோது, எங்கள் இளைஞர்கள் கட்டாருக்கும் சவூதிக்கும் போனார்கள். அவர்களில் சிலர் திரும்பி வந்து, அங்கே உழைத்த காசைப் போட்டு, கரையில் படகும் ஜெட் ஸ்கியும் வைத்துப் பிழைக்கிறார்கள். அந்தப் பிழைப்பு நிலைக்கவேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். ஓர் உயிர் போனால் மறுநாளே தடை வரும். அப்படி அவசரத்தில் வரும் தடை, ஒழுங்காகத் தொழில் செய்பவரையும் பொறுப்பில்லாதவரையும் பிரித்துப் பார்க்காது.

வரவேற்பு மேசையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று, "ஜெட் ஸ்கி ஓட்டுவதற்கு முன் அனுபவம் வேண்டுமா?" என்பது. மோட்டார் சைக்கிள் ஓடத் தெரிந்தவர்கள் இதையும் ஓடிவிடலாம் என்றே எண்ணுகிறார்கள். கைப்பிடியும் இருக்கையும் அப்படித்தான் எண்ண வைக்கின்றன. உண்மையில் இரண்டும் இயங்கும் விதம் வேறு. ஜெட் ஸ்கியின் அடியிலுள்ள வாய் கடல்நீரை உறிஞ்ச, உள்ளே சுழலும் விசிறி அந்த நீரைப் பின்புறக் குழாய் வழியாக வேகமாகப் பீய்ச்சுகிறது. அந்தப் பீய்ச்சலே வண்டியை முன்னே தள்ளுகிறது. கைப்பிடியைத் திருப்பும்போது பின்புறக் குழாய் இடமோ வலமோ அசைவதால்தான் வண்டியும் திரும்புகிறது. படகுக்கு இருப்பதுபோலச் சுக்கான் இதற்குக் கிடையாது. ஆகவே வேகப்பிடியிலிருந்து விரலை எடுத்துவிட்டால் பீய்ச்சல் நின்றுவிடும். பீய்ச்சல் நின்றுவிட்டால் கைப்பிடியை எவ்வளவு வளைத்தாலும் வண்டி திரும்பாமல், போய்க்கொண்டிருந்த திசையிலேயே வழுக்கிக்கொண்டு போகும். முன்னால் ஒரு மனிதத் தலையைக் கண்டவுடன் பதறிக் கையை விடுவது எவருக்கும் இயல்பு. இந்த வண்டியில் அந்த இயல்பான செயலே நேரே கொண்டுபோய் மோத வைக்கிறது. ஆபத்து வேளையில் சற்று வேகம் கொடுத்துக்கொண்டே திருப்பவேண்டும் என்பதைக் கரையில் நின்று ஒரு தடவை கேட்டதால் கை பழகிவிடாது. ஆளில்லாத நீரில், பக்கத்தில் ஒருவர் இருந்து சொல்லச் சொல்ல, திரும்பத் திரும்பச் செய்து பார்க்கவேண்டும். மூவர் அமரும் பெரிய வண்டியொன்று 300 கிலோவுக்கு மேல் எடை கொண்டதாகவும், மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தை எட்டக்கூடியதாகவும் இருக்கும். அந்த வேகத்தில் ஒரு விநாடியில் 22 மீற்றர் கடந்துவிடும். பாசிக்குடாவில் கழுத்தளவு நீரில் நிற்கும் ஒருவரின் தலை, சின்ன அலை எழும்பினாலும் மறைந்து மறைந்துதான் தெரியும்.

கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எமது மாவட்டக் கரையொன்றில் ஒரு பிற்பகல், மலைநாட்டிலிருந்து வந்த குடும்பத் தலைவர் ஒருவர் தன் மகளை முன்னால் இருத்திக்கொண்டு ஜெட் ஸ்கியில் ஏறினார். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதிருக்கலாம். பெரியவர்களுக்கான உயிர்காப்பு அங்கியை அவளுக்கு மாட்டியிருந்தார்கள். நீரில் விழுந்தால் அங்கி மேலே மிதக்க, பிள்ளை கீழே நழுவிவிடும் அளவுக்கு அது தொளதொளவென்று கிடந்தது. வண்டியின் கைப்பிடிக்குக் கீழே சிவப்பு நிறச் சுருள் கயிறு ஒன்று இருக்கும். அதன் ஒரு முனை இயந்திரத்தை நிறுத்தும் ஆளியில் செருகப்பட்டிருக்க, மறுமுனை ஓட்டுநரின் மணிக்கட்டிலோ அங்கியிலோ கட்டப்பட்டிருக்கவேண்டும். ஓட்டுநர் தவறி விழும் கணத்தில் கயிறு இழுபட்டு, ஆளி கழன்று, இயந்திரம் நின்றுவிடும். அன்று அந்த மறுமுனை கைப்பிடியிலேயே சுற்றி முடிச்சிடப்பட்டிருந்தது. வண்டியைக் கொடுத்த இளைஞனிடம் கேட்டேன். "அதக் கையில கட்டினா சும்மா சும்மா எஞ்சின் நிண்டு போகுதாம் அக்கா, ஆக்கள் கரைச்சல் படுறாங்க" என்றான். அவன் கெட்டவனல்லன். அந்தக் கயிறு எதற்காக இருக்கிறது என்று அவனுக்கு எவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. தகப்பனும் மகளும் சிரித்துக்கொண்டே கரைக்குத் திரும்பினார்கள். ஒன்றும் நடக்காமல் கழியும் இத்தகைய பிற்பகல்களாலேயே அந்த முடிச்சு இன்னும் அவிழ்க்கப்படாமல் இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கே எழுதவேண்டும். பெண்கள் இதைப்பற்றி வாய்திறந்து கேட்கக் கூசுவதால் எழுதுகிறேன். பின்னால் அமர்ந்திருப்பவர் வண்டி சட்டென்று பாயும்போது பின்புறமாக விழுந்தால், பீய்ச்சும் நீர் நேரே உடலின் கீழ்ப்பகுதியில் பாய்ந்து உட்காயம் ஏற்படுத்தக்கூடும் என்பதாலேயே, சாதாரண நீச்சல் உடை மட்டும் போதாது, தடித்த றப்பர் துணியாலான காற்சட்டை அணியவேண்டும் என்று தயாரிப்பு நிறுவனங்கள் தம் கைநூல்களில் எழுதிவைத்திருக்கின்றன. தொங்கும் துணியும் அவிழ்ந்த கூந்தலும் நீர் உறிஞ்சும் வாயருகே போகக்கூடாது என்றும் அவை எச்சரிக்கின்றன. எங்கள் கரைக்கு வரும் பெண்கள் சல்வாரோடும் சேலையோடும் அபாயாவோடும் வருகிறார்கள். அவர்களுக்கும் கடலைச் சுற்றிப் பார்க்க ஆசை உண்டு, உரிமையும் உண்டு. எந்த உடையோடு ஏறலாம், சால்வையை எங்கே விட்டுச் செல்வது, நீரிலிருந்து மீண்டும் ஏறும்போது எந்தப் பக்கத்தால் ஏறுவது, அப்போது இயந்திரம் நின்றிருக்கிறதா என்பதையெல்லாம் கூச்சமின்றிக் கேட்க ஒரு பெண் வழிகாட்டி கரையில் இருந்தால் எவ்வளவு நன்மை என்பதை எண்ணிப் பாருங்கள்.

வண்டியை விட்டுக் கடலுக்கு வருகிறேன். ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் ஊரில் கச்சான் வீசும். மேற்கே தரையிலிருந்து கிளம்பி, சூடும் வறட்சியுமாகக் கடலை நோக்கிப் போகும் காற்று அது. கரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோர நீரில் அலை எழாது. தூர இடத்திலிருந்து வருபவருக்குக் கடல் கண்ணாடியாகக் கிடப்பதாகவே தோன்றும். அதே நேரத்தில்தான் இயந்திரம் நின்றுபோன எந்தப் பொருளையும் அந்தக் காற்று கரையை விட்டு வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். வெளியே போகப் போக அலையும் பெரிதாகும். எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் கடலுக்குப் போகும் இளையவர்களிடம் சொல்வது: "கச்சான் எழும்பிற்றெண்டா கரையப் பாத்து வந்திரு மனே, பிறகு வரவும் விடாது." அவர் வானத்தைப் பார்ப்பதில்லை, தென்னை ஓலை எந்தப் பக்கம் புரள்கிறது, வெளிக்கடலின் நிறம் எங்கே மாறுகிறது என்பதையே பார்ப்பார். கொழும்பிலிருந்து முதல்நாள் இரவு வந்து சேர்ந்த ஒருவரிடம் இந்த அறிவை எதிர்பார்க்க முடியாது. வாடகைச் சீட்டில் கையொப்பம் வாங்குவதால் அந்த அறிவு அவருக்கு வந்துவிடப்போவதும் இல்லை.

கச்சான் காலத்துக் காலையொன்றில், இளைஞர் இருவர் வாடகைக்கு எடுத்துச் சென்ற வண்டி, வலையின் மிதவைக் கயிற்றை உறிஞ்சிக்கொண்டு வெளியே நின்றுவிட்டது. விசிறியில் கயிறு இறுகச் சுற்றினால் நீரில் வைத்து அதை எடுப்பது எளிதல்ல. தொலைபேசியைக் கரையில் நண்பரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். கரையிலிருந்தவர்களோ அவர்கள் இன்னும் விளையாடிக்கொண்டிருப்பதாக நினைத்தார்கள். வலையை இழுத்தெடுத்துக்கொண்டு திரும்பிய தோணியொன்றே அவர்களைக் கண்டு கட்டி இழுத்து வந்தது. அந்தத் தோணிக்காரரின் வலைதான் அறுபட்டிருந்தது என்பது கரைக்கு வந்தபிறகே தெரிந்தது. இளைஞர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், கைகூப்பினார்கள். வலைக்கு யார் பணம் கொடுப்பது என்ற வாக்குவாதம் அன்று மாலை வரை நீண்டு, முடிவில்லாமலே கலைந்தது. வழிகாட்டி ஒருவர் முன்னே போயிருந்தால் அந்த மிதவையின் பக்கமே வண்டி போயிருக்காது. போயிருந்தாலும் இழுப்பதற்கு அவரிடம் கயிறு இருந்திருக்கும்.

கரைவலை பற்றித் தெரியாதவர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். தோணியில் ஏற்றிய வலையைக் கடலில் அரைவட்டமாக விட்டு, இரு முனைகளிலும் கட்டிய நீண்ட கயிறுகளைக் கரையில் நிற்பவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து இழுத்துக் கரை சேர்ப்பார்கள். அந்தக் கயிறுகள் நீர் மட்டத்தை ஒட்டியே கிடக்கும். வேகமாக வரும் வண்டியிலிருப்பவருக்கு அவை தெரியாது. வலை கடலில் இருக்கும் நேரத்தில் அதன் குறுக்கே வண்டி போனால் வலைக்கும் கேடு, கயிற்றைத் தோளில் தாங்கி இழுப்பவர்களுக்கும் கேடு, வண்டியில் இருப்பவருக்கும் கேடு. எந்த நேரத்தில் எந்தப் பாட்டில், அதாவது வலை இழுக்கும் எந்தக் கரைப்பகுதியில், வலை விடப்படும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தகவல் ஜெட் ஸ்கி நிறுத்துமிடத்துக்கு ஒவ்வொரு காலையும் வந்து சேர்வதற்கு ஒரு வழி மட்டும் இன்னும் இல்லை. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து ஒருவரும் சவாரி நடத்துபவர்களிலிருந்து ஒருவரும் விடிந்ததும் பேசிக்கொள்வதற்கு ஒரு தொலைபேசி அழைப்பே போதும்.

பாசிக்குடாவின் சிறப்பே அதன் ஆழமின்மை. நூறு மீற்றருக்கும் அப்பால் நடந்துபோனாலும் இடுப்பளவு நீரே இருக்கும் இடங்கள் உண்டு. அதனால்தான் நீச்சல் தெரியாதவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் நீண்ட விடுமுறைகளில் இங்கே வந்து குவிகிறார்கள். அதே ஆழமின்மை ஜெட் ஸ்கிக்குப் பொருந்தாது. ஏறத்தாழ ஒரு மீற்றருக்குக் குறைவான நீரில் இயந்திரத்தை முடுக்கினால் அது மணலையும் கடற்புல்லையும் உறிஞ்சும். விசிறி தேயும், புல் வேரோடு பெயரும். ஆகவே பிரான்சில் கரையிலிருந்து 300 மீற்றருக்குள்ளும், நியூசிலாந்தில் 200 மீற்றருக்குள்ளும் 5 நொட் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்றிருக்கும் விதியை அப்படியே எடுத்து இங்கே ஒட்டிவிடுவது மட்டும் போதாது. 5 நொட் என்பது மணிக்கு 9 கிலோமீற்றர் அளவு; அது நல்ல விதிதான், வேண்டியதும்தான். இங்கே அதற்கு மேலதிகமாக, குளிப்பவர்களின் பகுதியிலிருந்து முற்றாக ஒதுங்கிய ஓரிடத்தில், இருபுறமும் மிதவை போட்டு அடையாளமிட்ட ஒடுங்கிய வாய்க்கால் போன்ற ஒரு வழி வேண்டும். வண்டிகள் அந்த வழியால் மெதுவாக வெளியேறி, அதே வழியால் மெதுவாகத் திரும்பவேண்டும். மிதவைகளுக்கும் நங்கூரத்துக்கும் ஆகும் செலவு பெரிதல்ல. பிரதேச சபையும் விடுதிகளும் பகிர்ந்துகொள்ளக்கூடியதே.

இனி, காசு வாங்கும் முறை பற்றி. நான் முக்கியமாகக் கருதுவது இதையே. இன்று வாடகை நிமிடக் கணக்கில் அறவிடப்படுகிறது. பத்து நிமிடத்துக்குக் காசு கொடுத்த ஒருவர், அந்தப் பத்து நிமிடத்திலும் வேகப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பார். மெதுவாகப் போனால் கொடுத்த காசு வீண் என்று அவருக்குத் தோன்றும். குளிப்பவர்களின் பக்கத்திலேயே வட்டமடிக்கவும் அதுவே காரணம், வெளியே போய்வரும் நேரத்தை அவர் இழக்க விரும்புவதில்லை. வாடகையை நிமிடத்திலிருந்து விலக்கிப் பாதைக்கு மாற்றுங்கள். பாசிக்குடாவில் புறப்பட்டு, முருகைக்கற் (பவளப்) பாறைகளுக்கு வெளியால் சுற்றி, கல்குடாக் குடா வரை சென்று திரும்புவதற்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம் இருந்தால், வேகமாகப் போய் எவருக்கும் இலாபமில்லை. இடையில் நின்று பார்க்கவும், கேட்கவும், மூச்சு விடவும் நேரம் கிடைக்கும்.

பார்ப்பதற்கும் கேட்பதற்கும் எங்கள் கடலில் நிறைய உண்டு. தெளிந்த காலையில் கடலில் நின்று மேற்கே பார்த்தால் குடும்பிமலையின் உருவம் தெரியும். 1978 நவம்பர் சூறாவளி இந்தக் கரையின் தென்னந்தோட்டங்களைச் சாய்த்த கதையும், 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எதுவரை வந்தது என்பதும், போர்க்காலத்தில் இந்தக் கரை எப்படி வெறிச்சோடிக் கிடந்தது என்பதும் ஊர்க்காரர் வாயால் கேட்கவேண்டியவை. வடக்கே வாழைச்சேனைக் களப்பு கடலோடு சேரும் இடத்தில் துறைமுகப் படகுகள் வந்துபோகும் காட்சியை விலகி நின்று காட்டலாம். கல்லடிக் கரையில் இதேபோன்ற சவாரி தொடங்கினால், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் எந்தத் திசையில் உறங்குகிறது என்று காட்டி, அதில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டதைச் சொல்லலாம். சொல்ல ஆளில்லாமல் ஓடும் சவாரியில் இவை எதுவும் பயணிக்குக் கிடைப்பதில்லை. அவர் இந்த இடத்தை மறந்துவிடுகிறார்; மறுபடி வருவதற்கும் அவருக்குக் காரணம் இருப்பதில்லை.

வழிகாட்டி என்று நான் சொல்வது தனி வண்டியில் முன்னே செல்லும் ஒருவரை. அவருக்குப் பின்னால் மூன்று வண்டிக்கு மேல் வரக்கூடாது. அதற்கு மேற்பட்டால் திரும்பிப் பார்த்து எண்ணிக்கொள்வது கடினம். புறப்படும் முன் கரையிலும், பிறகு அமைதியான நீரிலும் பயிற்சி கொடுத்து, கயிறு மணிக்கட்டில் இருப்பதைத் தன் கையாலேயே இழுத்துப் பார்க்கவேண்டும். நில், மெதுவாக வா, கரைக்குத் திரும்பு என்ற கைச்சைகைகளைப் பயணி திருப்பிச் செய்து காட்டவேண்டும். இழுகயிறு, விசில், நீர் புகாத பைக்குள் தொலைபேசி, முதலுதவிப் பெட்டி ஆகியவை அவரது வண்டியில் இருக்கவேண்டும். நீரில் மூழ்கியவருக்கு மூச்சும் மார்பழுத்தமும் கொடுக்கத் தெரிந்திருக்கவேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் வந்து சேரும்வரை உயிர் அவர் கையிலேயே இருக்கும். தமிழும் சிங்களமும் ஓரளவு ஆங்கிலமும் பேசவேண்டும். இவற்றில் பலவற்றை நமது கடற்றொழில் குடும்பங்களின் பிள்ளைகள் ஏற்கெனவே அறிவார்கள். மற்றவற்றைப் பொலிஸ் உயிர்காப்புப் பிரிவினரும் கரையோரக் காவல் திணைக்களத்தினரும் கற்றுக்கொடுக்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட, "இன்றைக்கு இல்லை" என்று சொல்லும் அதிகாரம் அந்த வழிகாட்டிக்கு இருக்கவேண்டும். காற்று மாறிவிட்டது என்று அவர் சொன்னால் வண்டியின் உரிமையாளரும், விடுதியின் முகாமையாளரும், முற்பணம் கட்டிய பயணியும் அதற்குக் கட்டுப்படவேண்டும். பணம் திருப்பிக் கொடுக்கப்படவேண்டும். குடித்திருப்பவரை இறக்கிவிடவும், பதினெட்டு வயது நிரம்பாதவர் கைப்பிடியைத் தொடுவதைத் தடுக்கவும் அவருக்கு முடியவேண்டும். ஒரு சவாரிக்கு இவ்வளவு என்று தரகு வாங்கும் ஒருவரால் இப்படிச் சொல்ல முடியாது, சொன்னால் அன்றைய சாப்பாடு போய்விடும். ஆகவே அவருக்கு மாதச் சம்பளம் இருக்கவேண்டும். அனுமதிப்பத்திரம் அவர் பெயரிலேயே வழங்கப்படவேண்டும். உரிமையாளர் ஒருவர் அவரை வேலையிலிருந்து நீக்கினால், வேறு வழிகாட்டி அமர்த்தப்படும் வரை அந்த உரிமையாளரின் வண்டிகள் கரையிலேயே நிற்கவேண்டும். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் நான் மேலே எழுதிய மற்ற எல்லாமே காகிதத்தில் மட்டும் இருக்கும்.

அதிகாரிகளாகிய உங்கள் சிரமத்தை நான் அறிவேன். கரை நிலம் கரையோரம் பேணல் திணைக்களத்தின் பொறுப்பிலும், சுற்றுலாத் தொழில் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் பொறுப்பிலும், மீன்பிடி கடற்றொழில் திணைக்களத்தின் பொறுப்பிலும், கடலில் எண்ணெய் கலப்பது கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபையின் பொறுப்பிலும் இருக்கிறது. வடக்கே காயான்கேணியில் 2019இல் பிரகடனப்படுத்தப்பட்ட கடல்சார் சரணாலயமோ வனசீவராசிகள் திணைக்களத்துக்கு உரியது. ஒரே வண்டி கால் மணித்தியாலத்தில் இத்தனை பேரின் எல்லைகளையும் தொட்டுவிடும். ஒவ்வோர் அலுவலகமும் தன் பங்கை மட்டும் பார்த்தால் நடுவில் ஓர் இடைவெளி விழுவது இயல்பே. அவர்கள் எல்லோரையும் ஒரே மேசையில் கூட்டிவைக்கும் இடம் மாவட்டச் செயலகம் என்பதாலேயே இந்த மடலில் உங்கள் பெயரை முதலில் எழுதினேன். காயான்கேணிப் பவளப்பாறைகளின் மேல் எந்தச் சவாரிப் பாதையும் வரையப்படக்கூடாது என்பதையும் அதே மேசையில் முடிவு செய்துவிடுங்கள். கடல் சூடேறுவதால் பவளங்கள் வெளிறிப்போவதை நம்மால் தடுத்துவிட முடியாது. அவற்றின் மேல் வண்டி ஓடுவதைத் தடுக்க முடியும்.

தொழில் நடத்தும் சகோதரர்களே, இது உங்களுக்குச் செலவு வைக்கும் என்பதை மறைக்கமாட்டேன். வழிகாட்டியின் சம்பளம், அவருக்கொரு வண்டி, பயணிகளுக்கும் மூன்றாம் தரப்பினருக்குமான காப்புறுதி, சிறுவர் அளவிலான அங்கிகள் என்று பட்டியல் நீளும். கட்டணத்தை உயர்த்தவேண்டி வரும், உயர்த்துங்கள். அறுபடும் வலைக்காக எல்லோரும் சிறிது சிறிதாகப் போட்டுவைக்கும் ஒரு பொதுநிதி இருந்தால், கரையில் நின்று சண்டை பிடிக்கும் நிலை வராது. விடுதிகளில் பணிபுரிபவர்களாகிய எங்களிடமும் ஒரு பங்கு உண்டு: வழிகாட்டியோடு சவாரி நடத்துபவர்களிடம் மட்டுமே விருந்தினரை அனுப்புவது என்று விதி வரும்வரை காத்திராமல் இப்போதே தொடங்கலாம். நான் பணிபுரியும் மேசையில் தொடங்கிவிட்டேன். காரணத்தை விளக்கினால் விருந்தினர்கள் கோபிப்பதில்லை. பிள்ளைகளோடு வருபவர்கள் நன்றியே சொல்கிறார்கள்.

நான் கேட்பது ஒரு கூட்டம். மாசி மாதம் முடிவதற்குள், மாவட்டச் செயலகத்தில் வைக்காமல் கல்குடாவிலேயே, வலைக்குப் போனவர்கள் கரை திரும்பிய பின்னரான ஒரு பிற்பகலில் அதை வையுங்கள். மேலே சொன்ன திணைக்களங்களின் அலுவலர்கள், கடற்றொழிலாளர் சங்கத்தினர், ஜெட் ஸ்கி உரிமையாளர்கள், விடுதி முகாமையாளர்கள், மாதர் சங்கத்திலிருந்து இருவர் அதில் இருக்கட்டும். கரையின் வரைபடத்தை விரித்துவைத்து, வண்டிகள் வெளியேறும் வழி எது, சவாரிப் பாதை எது, கரைவலைப் பாடுகள் எவை, குளிக்கும் பகுதி எது என்று அவர்கள் கையாலேயே கோடு போடச் செய்யுங்கள். அந்த வரைபடம் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் அச்சிடப்பட்டு, சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக் கூட்டம் வந்து இறங்கும் முன்னர் பாசிக்குடாப் பொதுக்கரையின் வாசலிலும் ஒவ்வொரு விடுதியின் வரவேற்பு மேசையிலும் வைக்கப்படவேண்டும். வழிகாட்டிப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்க விரும்பும் இளைஞர்களும் யுவதிகளும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். கூட்டத்தின் திகதியை அறிவித்தால் அவர்களையும் அழைத்துக்கொண்டு வருவேன்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
கல்குடாவைச் சேர்ந்த விடுதிப் பணியாளர் ஒருவர்